சிவப்பு மையில் ஒரு கேள்வி



கல்முனைப் பக்கத்து வீடுகளில், ஆண்டிறுதித் தவணை முடிந்ததும் ஒரு சிறிய சடங்கு நடைபெறுவதுண்டு. பிள்ளைகள் எழுதித் தீர்த்த கொப்பிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிச் சந்திக் கடைக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் அக் கொப்பியின் தாளொன்று கடலைச் சரையாகச் சுருண்டு நம் கைக்கே திரும்பி வரும். கேத்திரகணிதத் தேற்றமொன்றைச் சரையிலே பாதி படித்துவிட்டு, மீதியைத் தேடி இன்னொரு சரைக் கடலை வாங்கிய சிறுவன் ஒருவனை நான் அறிவேன். அவன் வேறு யாருமல்லன். இதனை எழுதுகின்ற நானேதான்.

சென்ற மாதம் மருதமுனையிலுள்ள என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தபொழுது இந்தச் சடங்குதான் நடந்துகொண்டிருந்தது. மருமகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கிறாள். அவளுடைய பத்தாண்டுக் கல்வியும் திண்ணையில் இரண்டு கட்டுகளாகக் கிடந்தது. அவற்றுள் இரண்டு கொப்பிகளை மட்டும் உருவியெடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இத மட்டும் குடுக்க ஏலா, உம்மா."

என் தங்கை சிக்கனக்காரி. பழைய பத்திரிகையின் ஓரத்தைக்கூட வெட்டியெடுத்துக் கணக்கெழுதுபவள். இரண்டு கொப்பிக்காகப் பெரிய வழக்கொன்று எழும்பும் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஒன்றும் பேசாமல் மற்றக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த மௌனந்தான் என்னை உசுப்பியது. "கொண்டா பாப்பம்" என்று கையை நீட்டினேன்.

இரண்டும் தமிழ்ப் பாடத்தின் ஒப்படைக் கொப்பிகள். முதற் கொப்பியின் முதற் பக்கத்தில் 'நான் ஒரு குடை' என்று ஒரு கட்டுரை. இதைப் போன்ற குடைகளையும் கைக்குட்டைகளையும் பழைய சைக்கிள்களையும் அறியாத தமிழ் மாணவர் உண்டோ? குடை பிறந்தது, கடையிலே தொங்கியது, எசமானிடம் வந்தது, மழையிலே நனைந்தது, ஈற்றில் கம்பி முறிந்து மூலையிலே கிடந்து கண்ணீர் வடித்தது. வசனங்கள் வழுவழுவென்று இருந்தன. அடியிலே ஆசிரியையின் சிவப்பு மை: 'குடையைக் கண்டேன். உன்னைக் காணவில்லை.'

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் அந்தச் சிவப்பு மை எனக்கும் உரியது. எங்கள் காலத்தில் ஐந்து கட்டுரைகளை நெட்டுருப் பண்ணி வைத்திருப்போம். பரீட்சையில் எந்தத் தலைப்பு வந்தாலும் அவற்றுள் ஒன்றைச் சட்டை மாற்றி அனுப்பிவிடுவோம். ஒருமுறை நான் மனனஞ் செய்து வைத்திருந்தது 'நூலகத்தின் பயன்'. வந்ததோ 'மரங்களின் பயன்'. நூல் என்ற இடமெல்லாம் மரம் என்று மாற்றி எழுதினேன். எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கடைசிப் பந்தியில் மட்டும், 'இவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்' என்ற வசனத்தை மாற்ற மறந்துபோனேன். அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் என் பெயர் 'மரக்காரன்'.

இன்றைய பிள்ளைகளுக்கு நெட்டுருப் பண்ணும் சிரமங்கூட இல்லை. கைத்தொலைபேசியிடம் தலைப்பைச் சொன்னால், முன்னுரை முடிவுரையோடு கட்டுரை வந்து விழுகின்றது. அதைப் பார்த்து அங்கலாய்க்கும் பெரியவர்கள், தாங்கள் கையினாலே செய்ததை இயந்திரம் இப்பொழுது விரைவாகச் செய்கின்றது என்பதை மறந்துவிடுகிறார்கள். குடை அதே குடைதான்.

கொப்பியைப் புரட்டினேன். நோன்புப் பெருநாளைப் பற்றி ஒன்று. அதிலே அவளுடைய வீட்டு வட்டிலப்பம் சரியாக வேகாமற் போன செய்தி இருந்தது. அதற்குச் சிவப்பு மையில் ஒரு சரி. மூத்தாப்பாவின் தறியைப் பற்றி ஒன்று. மருதமுனையின் கைத்தறிச் சாரனுக்கு நாட்டிலே பெயர் உண்டு என்பதைச் சொல்லவேண்டியதில்லை; ஆனால் பாவிலே நூல் அறுந்தால் நெசவாளி விரலை எச்சிலில் நனைத்து முடிச்சிடுவதை அவள் எழுதியிருந்தாள். அதற்கு இரண்டு சரி. இப்படியாகப் பிள்ளை குடைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளியே வருவதைப் பக்கம் பக்கமாகக் காண முடிந்தது.

அதன் பின்னர்தான் அந்தக் கதை வந்தது.

'உங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கதையாக எழுதுக' என்பது ஒப்படை. அவள் அப்பொழுது பத்தாம் வகுப்பு. அவள் எழுதியது 2004 டிசம்பர் 26ஆந் திகதியைப் பற்றி. அவள் பிறப்பதற்கு நான்காண்டுகளுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

எங்கள் உம்மா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். நான் கொழும்பிலே வேலையாயிருந்தேன். கடற்கரையை அடுத்த பழைய வீட்டில் வாப்பாவும், இருபது வயதுத் தங்கையும், பதினொரு வயதுச் சின்னத் தங்கையும் இருந்தார்கள். அன்றைக்குக் கடல் எடுத்துக்கொண்டு போனவர்களில் சின்னவளும் ஒருத்தி. ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. இந்த நாட்டிலே அன்று 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 10,000க்கு மேற்பட்டோர் எங்கள் அம்பாறை மாவட்டத்தார். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நீளும் இந்தக் கரையில், ஒருவரையாவது கொடுக்காத குடும்பம் அரிது. அரிதாகையால், எல்லா வீட்டிலும் நடந்தது என்று சொல்லி, எந்த வீட்டிலும் பேசாமல் விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் இருபதாண்டுகளாக அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே பிள்ளைக்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம்: சாச்சியைக் கடல் கொண்டுபோயிற்று. மீதியை அவளே நிரப்பியிருந்தாள். உம்மா சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றாள், அலை துரத்துகின்றது, விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன, சாச்சி கடைசியாக ஒரு சொல் சொல்லுகின்றாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வாசித்தபொழுது, உண்மை தெரிந்த எனக்கே தொண்டை அடைத்தது. இருபதுக்குப் பத்தொன்பது புள்ளி. தமிழ் மொழித் தினப் போட்டிக்கு அனுப்பலாம் என்றும் பேச்சு எழுந்ததாம். வகுப்பிலே வாசித்தபோது பிள்ளைகள் சிலர் அழுதார்களாம். எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவள் அந்தக் கொப்பியை மகிழ்ச்சியோடு உம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள்.

என் தங்கை நின்றபடியே வாசித்தாளாம். பின்பு கொப்பியை மூடி அலுமாரியின் மேலே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாளாம். அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாளாம்:

"நான் கையப் புடிச்சிருந்தன் எண்டு ஆரு ஒனக்குச் சொன்ன?"

அதற்கு இவளிடம் விடையில்லை. மறுநாள் ஆசிரியையிடம் போய் அழுதிருக்கிறாள். கதையைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆசிரியையை நான் கண்டதில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதுவதை அவர் விரும்பவும் மாட்டார். அவர் கிழிக்கச் சொல்லவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. இன்னொரு ஒப்படை கொடுத்தார். கதைக்குக் கீழே சிவப்பு மையில் அது இருக்கின்றது:

'ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே எழுது: இதை நீ எப்படி அறிந்தாய்? அதன் பின், அன்று அங்கிருந்த மூவரைக் கேள். ஒவ்வொருவரும் சொல்வதைத் தனித்தனியே எழுது. எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே மாறுபடுகிறார்கள், ஏன் என்று பார். நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.'

இவ்விடத்தில் சற்று விலகிச் செல்வதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நம்முடைய பாடசாலைகளில் ஆக்கத்தையும் ஆய்வையும் வெவ்வேறு அறைகளிலே பூட்டி வைத்திருக்கின்றோம். கதை கவிதை எழுதும் பிள்ளை கனவு காண்பவன் என்றும், காரணகாரியம் கேட்டு எழுதும் பிள்ளை வரண்டவன் என்றும் ஒரு பிரிப்பு. கட்டுரை என்ற சொல்லுக்கு நேராக இன்று பிற மொழிகளில் வழங்கும் சொல்லை ஒரு நூலின் பெயராக்கியவர் மொன்தேன் என்ற பிரெஞ்சுக்காரர். 1580ஆம் ஆண்டு அவர் அந் நூலை வெளியிட்டபொழுது அச் சொல்லுக்கு 'முயன்று பார்த்தல்' என்பதே பொருள். நம்முடைய சொல் அதனினும் பழையது. சிலப்பதிகாரத்திலே 'கட்டுரை காதை' என்று ஒரு பகுதி உண்டு. மதுரை தீப்பற்றிய பின்பு, இது ஏன் நேர்ந்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் இடம் அது. அழிவு நிகழ்ந்தபின் வந்து காரணத்தைச் சொல்லுகின்ற பேச்சு! காப்பியமோ கற்பனை; அதன் நடுவிலே நிற்பதோ காரணவிளக்கம். இளங்கோவடிகளுக்கு இரண்டு அறைகள் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கரைக்கும் இருந்ததில்லை. காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் அரங்கேறிய அவருடைய யாழ்நூல், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வருகின்ற இசைச் செய்திகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து, மறைந்துபோன யாழை மீண்டும் காண முயன்றது. அதே கைதான் கவிதையும் எழுதியது. பெரிய நீலாவணையின் கவிஞர் நீலாவணன் தொழிலால் ஆசிரியர், கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர், 1975இல் மறைந்தார். அவர் மறைந்த பின்னர் 1982இல் நூலாக வந்த 'வேளாண்மை' காவியத்தைப் படிப்பவர், எங்கள் வயல்வெளிகளின் வாழ்க்கையை அந்த வயலிலே நின்றவர் அறிந்தபடி காண்பர். கல்முனைக்குடியிலே 1944இற் பிறந்த எம். ஏ. நுஃமானை எடுத்துக்கொள்ளுங்கள். 'தாத்தாமாரும் பேரர்களும்' என்ற கவிதை நூலை 1977இல் தந்தவர். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். 1987இல் 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' எழுதினார். 1999இல் மாணவர்களுக்காக 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதினார். கவிஞர் இலக்கண நூல் செய்தால் கவிதை காய்ந்துபோகும் என்று எண்ணுகிறவர்கள் அவருடைய கவிதைகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இனி மருமகளிடம் திரும்புவோம்.

முதலில் தன் கதையைத் தானே பரிசோதித்தாள். நாற்பத்தாறு வசனங்கள். ஒன்பதுக்கு எதிரே 'வீட்டார் சொன்னது' என்று எழுத முடிந்தது. நான்குக்கு எதிரே 'பத்திரிகையிற் படித்தது'. மற்ற முப்பத்து மூன்றுக்கும் எதிரே 'நான் நினைத்தது, நான் நினைத்தது' என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கின்றாள். "அந்த வரிசையப் பாக்கக்குள்ள வெக்கமா இருந்திச்சி, மாமா" என்றாள். "அந்த முப்பத்து மூண்டும் பொய் எண்டில்ல. ஆனா உம்மாட கையப் பத்தி நான் எப்பிடி நினைக்கேலும்?"

இரண்டாவது கொப்பி இங்கே தொடங்குகின்றது.

முதலில் அயலிலுள்ள மாமியிடம் போனாள். அவர் மடைதிறந்தாற்போலச் சொன்னார். காகங்கள் கூட்டமாகக் கத்தின. கடல் பெருகி வீதி வரைக்கும் வருகின்றது என்று கேள்விப்பட்டுச் சனங்கள் பார்க்க ஓடினார்கள். சிறுவர்கள் முன்னால் ஓடினார்கள். அந்தக் கூட்டத்திலே சின்னவளையும் கண்டதாக நினைவு. பிறகு வந்ததுதான் பெரிய அலை. ஓடியவர்கள் ஏன் எதிர்த் திசையில் ஓடவில்லை என்று இவள் கேட்டிருக்கின்றாள். "சுனாமி எண்ட சொல்லே நாங்க பிறகுதானே மகள் கேட்ட" என்றாராம் மாமி.

அடுத்தது மூத்தாப்பா. என் வாப்பாவுக்கு இப்பொழுது எண்பது கடந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் அவர் கிழக்கு வேலியோரத்துக் கொட்டிலிலே தறியில் இருந்தார். தண்ணீர் வந்து கொட்டிலைத் தூக்கியபொழுது ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டதால் தப்பினார். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். மாமியோ இரைச்சல் காதைப் பிளந்தது என்கிறார். 'மூத்தாப்பா தறி அடித்துக்கொண்டிருந்தார். தறியின் சத்தத்தில் வேறு சத்தம் கேட்டிராது' என்று மருமகள் எழுதிவிட்டு, அடைப்புக்குள் 'இது நான் நினைத்தது' என்று சேர்த்திருக்கின்றாள். அந்த அடைப்பு என்னைத் தொட்டது.

நேரத்திலும் ஒரு சிக்கல். தண்ணீர் வந்தது ஒன்பதுக்குக் கால்மணி முன்னர் என்றார் மாமி. எட்டேகால் என்று மூத்தாப்பா அடித்துச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாராம். இரண்டில் ஒன்று பிழை என்றுதான் நானும் நினைத்திருப்பேன். மருமகள் விடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், 1996இல் நாட்டின் கடிகாரங்களை முன்தள்ளினார்கள் என்றும், 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்கு மீண்டார்கள் என்றும் அறிந்தாள். 2004இல் நாடு பழைய நேரத்துக்கு அரைமணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாப்பாவோ 'சூரியன அரசாங்கம் தள்ளேலாது' என்று சொல்லித் தம்முடைய சுவர்க் கடிகாரத்தைத் தொடவிடாத மனிதர்! இருவரும் ஒரே நிமிடத்தையே சொன்னார்கள். முதிர்ந்த வழக்கறிஞர்கள் செய்கின்ற வேலையைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒற்றைக் கோட்டுக் கொப்பியிலே செய்திருக்கின்றாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்துக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

மூத்தாப்பாவின் பக்கத்தின் அடியில், பெரிதாகக் கொள்ளாத செய்தியைப்போல ஒரு வசனம்: 'அன்று காலைச் சாப்பாடு, பாண்.'

மூன்றாவது சாட்சியிடம் போவதற்கு அவளுக்குத் துணிவு வரவில்லை. இரண்டு வாரம் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்திருக்கின்றது. ஓரிரவு உம்மா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னட்டக் கேக்க இல்லியே?" என்றாள். பிறகு கேட்காமலே சொன்னாள்.

கையைப் பிடிக்கவில்லை. கை பக்கத்திலேயே இருக்கவில்லை. அன்றைக்குக் காலையில் வீட்டிலே சாப்பாடு ஒன்றும் இல்லை. ஒரு றாத்தல் பாண் வாங்கிவரும்படி சின்னவளைக் கடற்கரை வீதிக் கடைக்கு அனுப்பினது அவள்தான். அது இன்னும் விளையாட்டுத்தனமான பிள்ளை, போகமாட்டேன் என்று அடம்பிடித்ததாம், ஏசி அனுப்பினாளாம். பாண் வரவேயில்லை. அவளும் வரவில்லை. தண்ணீர் தன்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு மாடி வீட்டின் படியிலே போட்டபோதும், 'நான்தான் அனுப்பினன், நான்தான் அனுப்பினன்' என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். இருபதாண்டுகளாக அவ்வீட்டில் யார் பாண் வாங்கினாலும் அவள் உண்பதில்லை. வாயுத் தொல்லை என்று சொல்லுவாள். நானும் நம்பியிருந்தேன்.

மருமகள் அதை அப்படியே எழுதியிருக்கின்றாள். 'பாண் வரவேயில்லை' என்ற இடத்தில் பேனா நின்றிருக்கின்றது; மை பரந்து ஒரு பெரிய புள்ளி. ஐந்து பக்கத்துக்கு முன்னால், மூத்தாப்பா பாண் சாப்பிட்டதாக அவளே எழுதியிருந்தாளே!

உடனே உம்மாவிடம் சொல்லிவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. முதல் நாளின் பாணாக இருக்கலாம். முதியவரின் நினைவு பிசகியிருக்கலாம். பொய்யான ஆறுதலைக் கொடுத்துவிட்டுப் பின்பு பறிக்க முடியாது என்று எண்ணினாளாம். முதற் கதையை எழுதிய பிள்ளை இப்படி எண்ணியிருக்கமாட்டாள். கொப்பியை ஆசிரியையிடம் கொண்டுபோனாள். அவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, "நான் வாசிக்க முன்னம் அவங்க ரெண்டு பேரும் வாசிக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

அதற்கு அடுத்த பக்கம் வேறு மையில் இருக்கின்றது. என் தங்கை மூன்று சாட்சியங்களையும் வாசித்துவிட்டு, கொப்பியைக் கையிலே வைத்துக்கொண்டு, சாய்கதிரையில் இருந்த வாப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள்:

"வாப்பா, அண்டைக்குப் பாண் ஆரு கொண்டு வந்த?"

"அவதான்."

கிழக்கு வேலிக் கடப்பால் நேரே கொட்டிலுக்குள் வந்தாளாம். பத்திரிகைத் தாளிலே சுற்றிய பாணைத் தறிப்பலகையில் வைத்தாளாம். தானும் ஒரு முறுகலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாளாம். அடுப்படி மேற்குப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் கொட்டில் தெரியாது. "கடல் பெருகுதாம் வாப்பா, பாத்திட்டு ஓடி வாறன் எண்டா. போய்ட்டுக் கெதியா வா எண்டன்." இதைச் சொல்லிவிட்டு வாப்பா முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாராம். போ என்று தாம் சொன்னதை அவர் இருபதாண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. பாணுக்கு அனுப்பியதைத் தங்கையும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயிலே நோன்பு திறந்துகொண்டு, இருவரும் ஆளுக்கொரு குற்றத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

பக்கத்தின் முடிவில் மருமகளின் எழுத்து: 'இதன் பின்னர் அவர்கள் பேசியதை நான் எழுதவில்லை.'

கடைசிப் பக்கத்தில் ஒரு படம். தான் ஒருநாளும் கண்டிராத பழைய வீட்டை, மூவரும் சொன்னதைக் கொண்டு வரைந்திருக்கின்றாள்: அடுப்படி, முற்றம், கொட்டில், கடப்பு, கடை, கடல். படத்தின் கீழே சில குறிப்புகள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு. எங்கள் கரைக்குத் தண்ணீர் வந்தது 8.45 அளவில். பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது; இந்து சமுத்திரத்திலே அப்படி ஒன்று அன்று இல்லை. இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமே 2005இல்தான் வந்தது. அதன் கீழே: 'ஏறத்தாழ 1 மணி 47 நிமிடம். இந்த நேரத்துக்குள் உம்மா பாணுக்கு அனுப்பினா. மூத்தாப்பா போ எண்டார். இவர்கள் இருவருக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.'

அந்த மூன்று வசனங்களுக்கும் அடியில் ஆசிரியை சிவப்பு மையால் மெல்லிய கோடொன்று இழுத்திருக்கின்றார். புள்ளி இடவில்லை. திகதியும் கையொப்பமும் மட்டுமே. இரண்டு இலக்கணப் பிழைகளைத் திருத்தாமல் விட்டிருக்கின்றார். கவனிக்கத் தவறினார் என்று நான் நினைக்கவில்லை.

"பிறகு கதைய என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

திரும்ப எழுதினாளாம். கொப்பியின் நடுவிலே இருந்தது. முன்னையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அலை வரவேயில்லை அதில். ஒரு சிறுமி சூடான பாணைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு, காலிலே மணல் சுட, வீதியால் வருகின்றாள். அக்காவின் ஏச்சு இன்னும் காதிலே கிடக்கின்றது. வாப்பாவிடம் கொடுத்தால் ஏச்சு விழாது என்று எண்ணிக் கடப்பைத் திறக்கின்றாள். அவ்வளவுதான். ஏச்சுக்குப் பயந்துதான் கொட்டிலுக்குப் போனாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அது நான் நினைத்தது" என்று உடனே சொன்னாள். "ஆனா இந்த முறை உம்மாட்டக் கேட்டுட்டுத்தான் நினைச்சன். அவ அப்பிடித்தான் செய்வா எண்டு உம்மா சொன்னா." போட்டிக்கு இதை அனுப்பவில்லை. உம்மா வேண்டாம் என்றாளோ என்றேன். இல்லையாம், இவள்தான் வேண்டாம் என்றாளாம்.

இரண்டு ஆண்டு ஒப்படைகளால் நீ என்ன வளர்ந்தாய் என்று, பத்திரிகைக்காரனுக்குரிய அசட்டுக் கேள்வியொன்றையும் கேட்டுவைத்தேன். அவள் நெடுநேரம் யோசித்தாள். "முந்தி எழுத இருந்தா வடிவான சொல்லு வருதா எண்டு பாப்பன். இப்ப ஆரட்டக் கேக்கணும் எண்டு பாக்கன். அதால எழுத நேரமாகுது மாமா, சோதனையில கட்டுரை முடிக்கேல்ல" என்று கவலையோடு சொன்னாள். பெறுபேறு வரட்டும், பார்ப்போம்.

புறப்படும்பொழுது தங்கை தேநீரோடு ஒரு தட்டில் பாண் துண்டுகளும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது எங்கள் குடும்பத்து ஆண்களின் பழைய வழக்கம்.

ஆனால் மருமகள் அந்த வழக்கத்தை விட்டுவைப்பதாக இல்லை. படலை வரைக்கும் வந்து, இரண்டாவது கொப்பியிலே மிஞ்சியிருந்த ஒரு வெற்றுத் தாளைக் கிழித்து என் கையிலே தந்தாள். மேலே 'நாலாவது சாட்சி: மாமா' என்று எழுதியிருந்தது. நான் கொழும்பிலிருந்து எத்தனையாவது நாள் வந்தேன், எந்த வழியால் வந்தேன், முதலில் எங்கே தேடினேன், எதைக் கண்டேன், ஏன் பிறகு ஒருநாளும் பேசவில்லை என்று வரிசையாக ஐந்து கேள்விகள். முதல் நான்குக்கும் விடை எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டுமாம்.